உச்சியக்கா ஏணி ஏறிய கதை

கட்டட வேலை நடக்கிற இடத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உச்சியக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். டவர் கிரேன் ஓட்டுகிறவள். காலையில் அந்த இரும்புத் தூணுக்குள் இருக்கும் ஏணியில் ஏறி, உச்சியில் தொங்கும் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்தாள் என்றால் சாயங்காலம்தான் இறங்குவாள். கம்பிக் கட்டானாலும் சரி, கான்கிரீட் வாளியானாலும் சரி, அவள் இறக்குகிற பதத்துக்குக் கீழே நிற்கிறவன் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. கைக்கு எட்டுகிற இடத்தில் வந்து நிற்கும்.

உட்கார்ந்தே செய்கிற வேலை. உடம்பு எப்போது ஏற ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. புருஷன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். அவர் மேல் பழி போடச் சொந்தக்காரர்கள் தயாராகத்தான் இருந்தார்கள், ஆனால் அவள் விடவில்லை. "அவர் கொண்டு வந்தார், சரி. வாய் யாருது?" என்று கேட்டு வாயடைத்துவிடுவாள். அவளுடைய அம்மாவும் பெருத்த உடம்புக்காரிதான். காரணம் எதுவாக இருந்தால் என்ன, முழங்கால் தாங்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏணி நீண்டுகொண்டே போவது போல இருந்தது.

அந்த ஏணி ஒரே நீளமாகப் போகாது. நடுநடுவே இரும்புத் தட்டுகள் இருக்கும், நின்று மூச்சு வாங்குவதற்கு. முன்பெல்லாம் அவள் எந்தத் தட்டிலும் நிற்காமல் ஏறுகிறவள். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றில் நின்றாள். பிறகு எல்லாவற்றிலும் நின்றாள். கடைசியில் ஒரு நாள் பாதி உயரத்தில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. இதயம் காதுக்குள் அடித்தது. கீழே ஆட்கள் வேலையில்லாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒருவழியாக அவள் இறங்கி வந்ததும் மேஸ்திரி அவளைத் தனியே அழைத்துப் போனார். அவர் சத்தம் போடுகிற ஆள். அன்றைக்குச் சத்தம் போடவில்லை. அவள் இடுப்பிலிருந்து பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றி, அதில் தைத்திருந்த சீட்டைக் காட்டினார். எவ்வளவு எடைவரை தாங்கும் என்று அதில் போட்டிருந்தது.

"நீ விழுந்தா இது உன்னைப் பிடிக்காதும்மா" என்றார். "தெரிஞ்சே உன்னை ஏத்த என்னால முடியாது."

மறுநாளிலிருந்து அவள் தரையில் நின்று கிரேனுக்கு சிக்னல் கொடுத்தாள். அவள் பழக்கிவிட்ட ஒரு இளவட்டம் மேலே ஓட்டினான். நல்ல பையன், கல்யாணமாகி ஒரு குழந்தைக்கு அப்பா, வாக்கி டாக்கியில் கூட அக்கா போட்டுத்தான் பேசுவான். தரையில் நிற்கிறவளை எல்லாரும் உச்சியக்கா என்றே கூப்பிட்டார்கள். கேலியாக இல்லை, பழக்கம். அதுதான் அவளுக்கு இன்னும் சுருக்கென்று இருந்தது.

பட்டினி கிடந்து பார்த்தாள். யார் யாரோ சொன்ன பொடியைக் கரைத்துக் குடித்தாள். குறைந்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. கடைசியில் சர்க்கரைக்குப் பார்த்த டாக்டரம்மாதான், வயிற்றின் பெரும்பகுதியை எடுத்துவிடுகிற ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். புருஷனுக்குக் கேட்டதுமே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் ஆஸ்பத்திரி வாசனைக்கே தலை சுற்றுகிற ஆள். நல்லா இருக்கிற வயிற்றை எதற்கு வெட்ட வேண்டும், ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வாரம் அதையே அரைத்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே பதில்தான் சொன்னாள்.

"நான் மேல போகணுங்க."

ஆபரேஷன் செய்த டாக்டர் முகத்துக்கு நேரே பேசுகிறவர். நான் வயிற்றைச் சின்னதாக்கித் தருவேன், அவ்வளவுதான், மற்றதெல்லாம் நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவள் அதற்குத் தலையாட்டினாளே தவிர, அந்த மற்றதெல்லாம் எவ்வளவு பெரிசு என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்த அன்றே எழுந்து நடக்கச் சொன்னார்கள். வயிற்றில் வலி இருக்கும் என்று நினைத்திருந்தாள், தோள்பட்டையில் வலித்தது. ஆபரேஷனுக்காக உள்ளே அடைத்த காற்று அங்கே போய் முட்டுகிறது, நடந்தால்தான் போகும் என்றாள் நர்ஸ். டிரிப் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, அது ஒரு பக்கம் இழுக்க இவள் ஒரு பக்கம் இழுக்க, வராந்தாவில் நடந்தாள். தண்ணீர்கூட மடக் மடக்கென்று குடிக்கக் கூடாது. ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். பிறகு தெளிந்த சூப். பிறகு கூழாக அரைத்தது. பல் இருந்தும் வேலையில்லாமல் கிடந்தது.

மெத்தென்ற உணவு சாப்பிடலாம் என்று சொன்ன அன்று புருஷன் ஒரு முட்டையைப் பதமாக வேகவைத்து, சின்னத் தட்டில் நறுக்கி வைத்தார். அவள் பழைய வேகத்தில் இரண்டு வாய் போட்டாள். நெஞ்சில் கல் உட்கார்ந்த மாதிரி அடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, வாயில் நுரை வந்தது, எல்லாம் வெளியே வந்தது. அவர் முதுகைத் தடவிக்கொண்டே, என் கையால் கொடுத்தது எதுவும் இனிமேல் உனக்கு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் கரண்டியைக் கீழே வைக்கப் பழகினாள். அதைவிடக் கஷ்டமான பழக்கம் வாழ்க்கையில் வேறு இல்லை என்று பின்னாளில் சொல்வாள்.

எடை மளமளவென்று இறங்கியது. டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் நடந்தாள். முதலில் தெருமுனை, பிறகு பூங்கா, பிறகு பேக்கரி இருக்கிற கடைத்தெரு வரை. அப்படி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பேக்கரிக்குள் நுழைந்தபோது கல்லாவில் ஆள் இல்லை. பின்னால் மாவு மூட்டை அடுக்கியிருந்த அறையில், மூட்டைகளுக்கு நடுவே சுவரைப் பார்த்து நின்றபடி புருஷன் அவசர அவசரமாக ரொட்டி தின்றுகொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் திருடன் மாதிரி கையைப் பின்னால் மறைத்தார்.

கொஞ்ச நாளாகவே அவர் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை. பசியில்லை என்பார், கடையில் ஆயிற்று என்பார். காரணம் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"எதுக்குங்க ஒளிஞ்சு சாப்பிடுறீங்க?"

"நீ அந்த ரெண்டு கரண்டியை வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டும்போது, நான் எப்படி உன் முன்னாடி வாரி வாரித் திங்கிறது? மனசு வரல."

அவள் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"ஒரு தட்டு காலி பண்ண எனக்கு அரைமணி நேரம் ஆகுது" என்றாள். "அந்த அரைமணி நேரமும் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க என்ன சாப்பிட்டா எனக்கென்ன. எதிர்ல ஒரு ஆள் வேணும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து அவர் எதிரில் உட்கார்ந்தார். அவர் இரண்டு தட்டு முடிப்பார், அவள் அரைத் தட்டு முடிப்பாள், இருவரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். கடையில் நடந்த கூத்தையெல்லாம் அவர் மெதுவாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். முப்பது வருஷமாக வேக வேகமாகப் பேசின மனுஷன்.

மூன்று மாதம் போனது. உடுப்பெல்லாம் தொளதொளவென்று ஆனது. வேலையிடத்தில் தெரிந்தவர்களே அடையாளம் தெரியாமல் அவளைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து பேசினார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எடை பார்க்கிற மெஷினில் ஏறி நிற்பதுதான் காலையில் முதல் காரியம். முள் இன்னும் வேகமாக இறங்கட்டும் என்று, சாப்பிட வேண்டிய கொஞ்சத்தையும் யாருக்கும் தெரியாமல் குறைத்தாள். காலையில் குடிக்கச் சொன்ன புரதப் பொடி டப்பா அலமாரியில் அப்படியே இருந்தது. பசிதான் எடுப்பதில்லையே, எதற்குச் சாப்பிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

ஒரு நாள் கிரேனுக்கு எண்ணெய் போடுவதற்காக வேலையை நிறுத்தியிருந்தார்கள். பெல்ட்டின் சீட்டில் போட்டிருந்த எடைக்கு இப்போது அவள் கீழே வந்திருந்தாள். மேஸ்திரியிடம் போய் நின்றாள். முதல் தட்டு வரைக்கும் ஏறிப் பார்க்கிறேன் அண்ணே என்று கேட்டாள். அவர் சீட்டை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். முதல் தட்டு, அதற்கு மேல் ஒரு படி கூடாது என்று சொல்லி, தானே பெல்ட்டை மாட்டிவிட்டார்.

முதல் தட்டு வரை பூவாகப் போனாள். முழங்கால் ஒரு முனகல்கூட முனகவில்லை. மேலே பார்த்தாள். இன்னும் ஒன்றுதானே என்று தோன்றியது. கீழே மேஸ்திரி கூப்பிடுவது காதில் விழுந்தும் விழாத மாதிரி ஏறினாள். அடுத்த தட்டுக்கு நாலைந்து படி இருக்கும்போது கை நடுங்க ஆரம்பித்தது. விரல்கள் கம்பியைப் பிடித்திருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. உடம்பு அவ்வளவு இறங்கியிருந்தும் மிச்சமிருந்ததைத் தூக்க அந்தக் கைக்குத் தெம்பில்லை.

மேலே எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த இளவட்டம்தான் அதைப் பார்த்தான். கடகடவென்று இறங்கி வந்து, முதலில் அவள் பெல்ட்டில் இன்னொரு கயிற்றை மாட்டினான். பிறகு அவள் முதுகுக்குக் கையைக் கொடுத்து, தட்டு மேல் ஏற்றி உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அவசரமில்லக்கா. இங்கேயே உக்காந்திருப்போம். எனக்கும் கீழ போனா வேலை சொல்லுவாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தன் குழந்தை தவழ ஆரம்பித்த கதையைச் சொன்னான். நடுக்கம் நின்ற பிறகு, படிப்படியாக, அவள் காலை அவனே எடுத்து ஒவ்வொரு படியிலும் வைத்து இறக்கிக் கொண்டு வந்தான். மேஸ்திரி முகம் வெளுத்துப் போயிருந்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். டாக்டர் கையெழுத்து இல்லாமல் இனிமேல் அந்த ஏணியில் விரல்கூடப் படக் கூடாது. அவர் சொன்னது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. பெல்ட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண் ஒருத்தி இருந்தாள். பார்த்தால் காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு, பிடித்தால் இரும்புப் பிடி. அவள் இவளுடைய கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். உச்சியக்கா முதலில் மழுப்பினாள், பிறகு உள்ளதைச் சொன்னாள்.

"கொழுப்பு மட்டும் போகலைங்க. தசையும் சேந்து போயிருக்கு" என்றாள் அந்தப் பெண். "நீங்க எடை குறையணும்னு வந்தீங்களா, ஏணி ஏறணும்னு வந்தீங்களா?"

வீட்டுக்கு வந்ததும் எடை மெஷினைத் தூக்கிப் புருஷன் கையில் கொடுத்தாள். எங்கேயாவது கொண்டு போங்கள், என் கண்ணில் படக் கூடாது என்றாள். அவர் அதைப் பேக்கரிக்கு எடுத்துப் போய் மாவு நிறுக்க வைத்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களிடம், எங்கள் வீட்டில் இப்போது மாவுதான் எடை போடுகிறது என்று சொல்லிச் சிரிப்பார்.

அதற்குப் பிறகு சாப்பாடு அவளுக்கு ஒரு வேலையானது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு முட்டை, மீன், பருப்பு, கெட்டித் தயிர். முதலில் அது, இடமிருந்தால் மற்றது. டப்பாவில் கிடந்த பொடி மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. வாசல் நிலையில் புருஷன் ஒரு இரும்புக் கம்பியைப் பொருத்தினார். முதல் நாள் அதைப் பிடித்துத் தொங்கினாள், தொங்கினாள் என்று சொல்வதே பொய், பிடித்த கையோடு தரைக்கு வந்தாள். நனைந்த துணி கொடியிலிருந்து நழுவுகிற மாதிரி. மறுநாள் மூச்சு ஒன்று இழுத்து விடுகிற நேரம் தொங்கினாள். குடியிருப்பு மாடிப்படியில் ஏறி இறங்கினாள். பிறகு இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பின கேன்களைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். எதிரே வருகிறவர்கள் தண்ணீர் வரவில்லையா என்று விசாரித்தார்கள். முதலில் விளக்கம் சொன்னாள், பிறகு ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

நடுவே தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சீப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு இப்படி ஆவதுதான், திரும்ப வளரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். புருஷன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டுக்கு வசதி என்றார். அதற்கு மேல் நல்லதாக ஒன்று சொல்ல அவருக்கு வராது.

நாத்தனார் ஒரு நாள் வந்திருந்தாள். பேச்சுவாக்கில், கத்தி வைத்துக் குறைப்பதென்றால் யாருக்குத்தான் குறையாது, உடம்பை வளைத்துக் குறைப்பதுதான் கஷ்டம் என்று சொன்னாள். உச்சியக்கா அப்போது சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல நின்றுகொண்டிருந்தாள். தொடை இரண்டும் துடித்தன.

"கத்தி வெச்சது ஒரு நாள் அண்ணி" என்றாள். "மத்த நாளெல்லாம் நான்தான்."

நாத்தனார் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போகும்போது, அந்தச் சுவர்ப் பயிற்சி முட்டிவலிக்கு நல்லதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு வருஷம் நெருங்கும்போது கம்பெனி டாக்டரிடம் போனாள். கை நடுங்கவில்லை, முழங்கால் மடங்கியது, கண்பார்வை சரி, சர்க்கரை அடங்கியிருந்தது. கையெழுத்து வாங்கப் போகிறோம் என்றே நினைத்தாள். ரத்தத்தில் இரும்புச் சத்து போதவில்லை என்று அவர் அனுப்பிவிட்டார். உயரத்தில் தலை சுற்றினால் யார் பொறுப்பு என்று கேட்டார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். இத்தனை இரும்புக்கு நடுவில் வேலை செய்கிறவளுக்கு ரத்தத்தில் இரும்பு இல்லையாம். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி, வீடு வரை நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கம்பியில் தொங்கினாள். புருஷன் வந்து பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்காமல், அவள் இறங்கும் வரை பக்கத்திலேயே நின்றார். மறு வாரத்திலிருந்து நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள், மாத்திரையும் மாற்றிக் கொடுத்தார்கள். மாத்திரை வயிற்றைப் பிரட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். கேன்கள் ஏறி இறங்குவது ஒரு நாளும் நிற்கவில்லை.

இரண்டாவது தடவை அந்த டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

காற்றில்லாத ஒரு காலையாகப் பார்த்து மேஸ்திரி நாள் குறித்தார். இளவட்டம் அவளுக்கு முன்னால் ஏறிப் போய்க் காத்திருந்தான். பாதுகாப்பு அதிகாரி கீழே நின்றார். பழைய பெல்ட் அவள் உடம்பில் நிற்கவே இல்லை, வார்களை எவ்வளவு இறுக்கியும் தொங்கியது. ஸ்டோரிலிருந்து புதுசு வந்தது. மாட்டிக்கொண்டு ஏணியில் கை வைத்தாள்.

ஒவ்வொரு தட்டிலும் நிற்பது என்று முதலிலேயே முடிவு பண்ணியிருந்தாள். முடிந்தாலும் நிற்க வேண்டும், முடியாவிட்டாலும் நிற்க வேண்டும். நின்றாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், மேலே போனாள். உடம்பைக் கையால் இழுக்கக் கூடாது, காலால் தள்ள வேண்டும் என்று அந்தப் பயிற்சிப் பெண் சொல்லிச் சொல்லித் தலையில் ஏற்றியிருந்தாள். பாதி உயரத்துத் தட்டு வந்தது. முன்பு உட்கார்ந்த அதே இடம். அங்கேயும் மற்ற தட்டில் நின்ற அளவுதான் நின்றாள். அதற்கு மேலே தெருக்கள் சிறுத்தன, வண்டிச் சத்தம் அடங்கியது, இரும்பின் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறியது. கொழுப்புக் குறைந்த உடம்புக்கு எல்லாமே குளிர்ந்தது. கடைசிப் படியில் இளவட்டம் கையை நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவில்லை. தானே ஏறி உள்ளே வந்த பிறகுதான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள், அவன் நெட்டையன். இரண்டு பக்கத்து லீவர்களிலும் கையை வைத்தாள். முதல் சுமை ஒரு கம்பிக் கட்டு. தூக்கியது சரியாகத்தான் தூக்கினாள், திருப்பும்போது கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாள். கட்டு ஊஞ்சலாடியது. பழைய நாளாக இருந்தால் வெட்கமாகியிருக்கும். கையை அசைக்காமல் காத்திருந்தாள். ஆட்டம் அடங்கியது. மெல்ல இறக்கினாள். கீழே இருந்தவர்கள் கொக்கியைக் கழற்றினார்கள். பாதுகாப்பு அதிகாரி இன்னும் சில சுமைகளைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அரை நாள் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

இப்போது காலையில் அவள் ஓட்டுகிறாள், மதியத்துக்கு மேல் இளவட்டம் ஏறுகிறான். அவள் கீழே வந்து அவனுக்கு சிக்னல் கொடுக்கிறாள். இன்றைக்கும் அவள் ஒல்லியில்லை. கைக்குக் கீழே தோல் தொங்குகிறது, சில நாள் ஒரு வாய் கூடிப்போனால் நெஞ்சடைக்கிறது, மாத்திரையை ஆயுசுக்கும் விட முடியாது. வாசல் கம்பியில் இப்போது மோவாய் வரை உடம்பைத் தூக்கப் பார்க்கிறாள். இன்னும் மூக்குதான் எட்டுகிறது.

போன வாரம் கேபினில் அவள் சின்ன டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாக்கி டாக்கியில் மேஸ்திரி கூப்பிட்டார். பலகைக் கட்டு தயாராக இருக்கிறது, தூக்கலாமா என்றார்.

"சாப்பிடுறேன் அண்ணே. இன்னும் நாலு வாய் இருக்கு."

"நாலு வாய்னா எவ்வளவு நேரம்மா?"

"ஆகும்" என்று சொல்லிவிட்டு, அவள் கரண்டியைக் கீழே வைத்து நிதானமாக மென்றாள்.